பந்தக்கால் பதினஞ்சு வருஷம் நிக்கணுமா?

கல்யாண வீட்டுப் பந்தக்காலுக்கு ஆயுசு மூணு நாள். மஞ்சள் தடவி, மாவிலை கட்டி, நவதானியம் போட்டு நட்டு, தாலி ஏறி, சாப்பாடு முடிந்து, சமையல்காரர் கணக்குக் கேட்க வரும்போது அதைப் பிடுங்கிப் போட்டு விடுவார்கள். தோட்டத்துப் பந்தக்கால் பாடு அப்படியில்லை. வெயில், மழை, கரையான், ஆடிக்காற்று, கொடியின் கனம், காயின் கனம் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வருஷக்கணக்காக ஒற்றைக்காலில் நிற்க வேண்டும்.

ஆனைக்குட்டத்தில் என் மாமாவின் பந்தல் அப்படி நிற்க மறுத்துவிட்டது.

போன வருஷம் ஆடி மாசம், ராத்திரி ரெண்டு மணி இருக்கும். 'மடமட'வென்று ஒரு சத்தம். சிவகாசிப் பக்கம் பிறந்தவர்களுக்கு ராத்திரி சத்தம் கேட்டால் முதலில் வேறு பயம்தான் வரும். மாமா எழுந்து வானத்தைப் பார்த்தார்; வெளிச்சம் இல்லை. அப்பாடா என்று படுத்துவிட்டார். விடிந்து போய்ப் பார்த்தால், ஐம்பது சென்ட் பாகல் பந்தல் கோழி உட்கார்ந்த மாதிரி தரையில் உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் சந்தைக்குப் போக வேண்டிய காய் அத்தனையும் அடியில்.

"காத்து மாப்ளே... பேய்க்காத்து!" என்றார் மாமா.

எனக்கு விவசாயம் தெரியாது. படித்தது பி.காம். ஆனால் ஒடிந்த கால்களைப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. சவுக்குக் கால்கள் எல்லாமே ஒரே இடத்தில் ஒடிந்திருந்தன. தரை மட்டத்தில்! மேலே பாதி புதுசு மாதிரி கெட்டியாக இருக்கிறது. தோண்டி எடுத்த அடிப்பாதியும் பரவாயில்லை. நடுவில் அந்த ஒரு சாண் மட்டும் ரஸ்க் மாதிரி விரலால் பொடிகிறது. காற்றின் மேல் பழி போட்டது தப்பு. காற்று வந்து தள்ளியது. கால் அதற்கு ஒரு வருஷம் முந்தியே செத்துப்போயிருந்தது.

சுருளியில் பிறந்த ஆசை

ஆடி அமாவாசைக்கு மாமா சுருளி அருவிக்குப் போனார். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தவர், கூடவே ஒரு ஆசையையும் கொண்டுவந்தார். வழியெல்லாம் திராட்சைப் பந்தல் பார்த்திருக்கிறார். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர், ராயப்பன்பட்டி என்று கம்பம் பள்ளத்தாக்கு பூராவும் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை அது. மற்ற ஊர்களில் சீசனுக்குத்தான் திராட்சை; அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து மாற்றி, வருஷம் பூரா ஏதாவது ஒரு பந்தலில் காய் தொங்கும்.

"நம்ம காட்டுலயும் பத்து சென்ட் போட்டுப் பாப்பமா மாப்ளே? மிச்சத்துக்கு வழக்கம்போல பாகலும் பீர்க்கும்..."

மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்துப் பார்த்து, ராயப்பன்பட்டி பக்கம் ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இறங்குங்கள் என்றேன். "ஆனைக்குட்டத்துக்காரன் ஆனைமலையன்பட்டிக்குப் போறதா! பேர்ப் பொருத்தமே பிரமாதமா இருக்கே" என்று மாமா கிளம்பிவிட்டார்.

கொடி விஷயத்தை அவர் பார்த்துக்கொண்டார். கால் விஷயம் என் தலையில் விழுந்தது. பாகல் கொடி நாலைந்து மாசத்தில் முடிந்துவிடும். திராட்சைக் கொடி பதினைந்து, இருபது வருஷம் பந்தலை விட்டு இறங்காது. நடுவில் கால் ஒடிந்தால் கொடியோடுதான் கீழே வரும். ஆக, கொடியின் ஆயுசுக்கு ஈடாகக் காலின் ஆயுசும் இருந்தாக வேண்டும்.

கல்லா, மரமா? கணக்குப் பிள்ளை சொல்வது

கம்பம் பக்கம் பெரும்பாலும் கல்கால். நாசிக், சாங்லிப் பக்கம் இரும்புச் சட்டத்தில் 'ஒய்' எழுத்து மாதிரிக் கட்டுகிறார்கள். நியூசிலாந்தில் பைன் மரத்தை மருந்தேற்றி ஊன்றுகிறார்கள். நம் ஊரில் இப்போது சவுக்கு, தைலமரக் கால்களை மருந்தேற்றி விற்கிறார்கள்.

மாமாவின் கேள்வி, "எது சல்லிசு?" என் கேள்வி, "வருஷத்துக்கு எவ்வளவு?" காலேஜில் தேய்மானம் என்று ஒரு பாடம் நடத்துவார்கள். பரீட்சைக்கு அப்புறம் அதை நான் உபயோகித்தது இதுதான் முதல் தடவை.

பத்தடிக்கு ஒரு கால் வீதம், நீளத்தில் 16, அகலத்தில் 15. ஆக மொத்தம் 240 கால். விலையெல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டது. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பச்சைச் சவுக்கு 150 ரூபாய். 240 காலுக்கு 36,000. மூணு வருஷம் தாங்கும் என்று வையுங்கள். பதினைந்து வருஷத்தில் அஞ்சு தடவை மாற்ற வேண்டும். 1,80,000! கூலி தனி. காய்த்துத் தொங்கும் கொடிக்கு அடியில் புகுந்து கால் மாற்றுகிற வயிற்றெரிச்சல் தனி.

மருந்தேற்றிய கால் 400 ரூபாய். 96,000. ஒழுங்காக மருந்தேறியிருந்தால் பதினைந்து வருஷத்துக்கு ஒரே தடவை.

கல்கால் 700 ரூபாய். 1,68,000. ஆனால் பதினைந்து வருஷம் கழித்தும் கல், கல்லாகவே இருக்கும். முப்பது வருஷக் கணக்குப் போட்டால் கல்தான் ஜெயிக்கும். கையில் பணமும் பக்கத்தில் குவாரியும் இருப்பவர்கள் மேலே படிக்காமல் துணுக்குப் பக்கத்துக்குப் போய்விடலாம்.

நாங்கள் நடுவழி எடுத்தோம். பந்தலின் இழுவிசை முழுக்கச் சுற்றுக்கால்களில்தான் விழும். ஆகவே சுற்றிலும் 58 கல். உள்ளே 182 மருந்தேற்றிய மரம். மொத்தம் 1,13,400. "பி.காம். படிச்சது வீண் போகல" என்றார் மாமா. என் அப்பாகூட இதுவரை சொன்னதில்லை.

மரம் ஏன் இடுப்பில் ஒடிகிறது?

மரத்தைத் தின்கிற பூஞ்சைக்கு மூணு வேண்டும். ஈரம், காற்று, சாப்பாடு. காலின் மேல்பாதியில் காற்று உண்டு, ஈரம் நிற்காது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. தரை மட்டத்தில் மட்டும் எல்லாமே கிடைக்கும். பூஞ்சைக்கு அது அன்னதானச் சத்திரம். பந்திக்குக் கரையானும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

மரத்திலும் ரெண்டு ஜாதி உண்டு. நடுவில் இருப்பது வைரம். சுற்றி வெளுப்பாக இருப்பது வெளிறு. வைரத்துக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி அதிகம். தேக்கின் வைரம் அதற்குப் பேர் போனது. வெளிறு எந்த மரத்திலும் சீக்கிரம் உளுத்துப்போகும். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கு ஒரு சோதனை உண்டு. இரண்டடி நீளக் கட்டைகளைப் பாதி மண்ணில் புதைத்து வைத்து, எப்போது சாகிறது என்று பார்ப்பார்கள். அதன் பேரே 'கல்லறைச் சோதனை'! 120 மாசத்துக்கு மேல் தாங்கினால் முதல் வகுப்பு. 60 முதல் 120 வரை இரண்டாம் வகுப்பு. அதற்கும் கீழே மூன்றாம் வகுப்பு. நம் எஸ்.எஸ்.எல்.சி. மாதிரியேதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீக்கிரம் சாகிற வெளிறுதான் மருந்தை நன்றாகக் குடிக்கும். வைரம் வாயைத் திறக்காது. ஆகவே மருந்தேற்றிய கால் வாங்கும்போது, வெளிறைச் செதுக்கி எறிந்த சதுரக் காலைவிட, வெளிறு முழுசாக உள்ள உருண்டைக் காலே மேல். கதவு நிலைக்கு ஆசாரி சொல்கிற யோசனை இங்கே செல்லாது.

தீக்குச்சி பாடம்

மரத்துக்கு மருந்து என்பது எங்கள் பக்கத்துக்குப் புதுசு இல்லை. தீக்குச்சியை மெழுகில் முக்குவது நன்றாகப் பற்ற. பாஸ்பேட் உப்பில் ஊற வைப்பது ஊதி அணைத்த பிறகு கங்கு கனலாமல் இருக்க. குச்சிக்கே இந்த உபசாரம் என்றால் காலுக்கு?

ஊர் வைத்தியம் நிறைய இருக்கிறது. அடியைத் தீயில் கருக்குவது. தார் பூசுவது. லாரி பட்டறையிலிருந்து கழிவு ஆயில் வாங்கித் தடவுவது. கருக்கினால் மேல்தோல்தான் கருகும். ஒரு வெடிப்பு விட்டால் பூஞ்சை உள்ளே போய்விடும். ஈர மரத்தில் தார் பூசினால் ஈரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டின மாதிரி. கழிவு ஆயில் மரத்தைக் காப்பதைவிட மண்ணைக் கெடுப்பது அதிகம்.

குலோப்ஜாமூனுக்குப் பாகு எப்படி ஏறுகிறது? மேலே பிரஷ்ஷால் தடவினால் ஏறுமா? ஊற வேண்டாமா? மரத்தை உருளைத் தொட்டிக்குள் வைத்து மூடி, முதலில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு மருந்துக் கரைசலை விட்டு, அழுத்தம் கொடுத்துத் திணிக்கிறார்கள். இங்கிலாந்தில் ஜான் பெத்தல் என்பவர் 1838-ல் காப்புரிமை வாங்கிய முறை. ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளுக்குக் கிரியோசோட் எண்ணெய் ஏற்றியது இந்த வழியில்தான்.

மருந்து யாருடையது தெரியுமா? நம்ம ஆள்! டேராடூனில் வேலை பார்த்த சொந்தி காமேசம் என்ற இந்தியப் பொறியாளர் 1933-ல் கண்டுபிடித்தது. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கலவை. 'ஆஸ்க்யூ' என்று பேர் வைத்தார்கள். உலகம் பூரா தந்திக் கம்பத்துக்கும் வேலிக் காலுக்கும் போய்ச் சேர்ந்தது. தாமிரம் பூஞ்சைக்கு எமன். திராட்சைக்காரர்கள் போர்டோ கலவைக்கு வாங்குகிற மயில்துத்தத்தில் இருப்பதும் இதே தாமிரம்தான். ஆர்சனிக் கரையானுக்கு எமன். குரோமியம் ரெண்டையும் மழையில் கரையாமல் மரத்தோடு கட்டிப்போடுகிற கயிறு. ஆர்சனிக்குப் பதிலாகப் போரான் சேர்த்த கலவையும் நம் நாட்டில் உண்டு.

கடையில் நடந்த கூத்து

முதலில் போன கடையில் கால்கள் பச்சைப் பசேல் என்று அடுக்கியிருந்தன. தாமிர மருந்து ஏறினால் மரம் இளம்பச்சையாகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். சந்தோஷமாக, "ஒண்ணை நடுவுல அறுத்துப் பாக்கலாமா அண்ணாச்சி?" என்றேன்.

"அறுத்தா யாரு வாங்குவா தம்பி?"

"அறுத்த காலுக்குக் காசு நாங்களே தந்துடறோம்."

அரை மனசோடு அறுத்தார். ஓரத்தில் தகடு கனத்துக்குப் பச்சை; உள்ளே பளீர் வெள்ளை. மேலே தடவிய சாயம்! மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, "ஒரு காலுக்குக் காசு போச்சு. இருநூறு கால் காசு தப்பிச்சுது" என்றார். இரண்டாவது இடத்தில் அறுத்துப் பார்த்தபோது பச்சை நிறம் வெளிறு முழுக்க இறங்கி வைரத்தில் போய் முட்டியிருந்தது. வாங்கினோம்.

நுனியில் மருந்து சுலபமாக ஏறிவிடும். ஆகவே நடுவில் அறுத்துப் பார்ப்பதுதான் சோதனை. அதோடு கேட்க வேண்டியவை: என்ன மரம்? பட்டை உரித்து, காய வைத்து மருந்தேற்றினார்களா? (ஈர மரத்தில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது; மருந்துக்கு இடம் ஏது?) அழுத்த முறையா, வெறும் முக்கலா? எந்த மருந்து, ஒரு கன மீட்டர் மரத்துக்கு எத்தனை கிலோ? மருந்தேற்றிய பிறகு ரெண்டு மூணு வாரமாவது ஆற வைத்தார்களா? எல்லாவற்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்கத் தயங்குங்கள்.

நடும்போது...

உள்கால் நாலு அங்குலக் கனம். ரெண்டு அடி மண்ணுக்குள். சுற்றுக்கால் மூணு அடி, வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து, இழுகம்பி கட்டி, கம்பியின் மறுமுனையைப் புதைத்த கல்லில் பிணைக்க வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும்; காலை ஆட்டிவிடும். அதனால் குழியைக் கரிசலாலேயே மூடாமல், சரளைச் செம்மண் போட்டு அரை அடிக்கு ஒரு தடவை கடப்பாரையால் இடித்து, தரை மட்டத்தில் மண்ணைக் கூம்பாக அணைத்தோம். தண்ணீர் காலைவிட்டு வெளியே ஓட வேண்டும்.

மருந்தேற்றிய காலை அறுக்காமல் இருப்பது உத்தமம். அறுத்தால் உள்ளிருக்கும் மருந்தில்லாத பாகம் வெளியே தெரியும். அறுத்தே ஆக வேண்டுமென்றால், அறுத்த முனையில் அதற்கான மருந்தைப் பூசி, அந்த முனையை மேலே வையுங்கள். ஒருநாளும் மண்ணுக்குள் போகக் கூடாது. தாமிரம் ஏறிய மரம் சாதா ஆணியை அரிக்கும். நல்ல துத்தநாக முலாம் போட்ட யூ ஆணியும் கம்பியும் வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு நாள்

பராமரிப்பு பெரிய வித்தையில்லை. கவாத்து முடிந்து பந்தல் மொட்டையாக நிற்கிற நாளில் ஒரு ஸ்குரூ டிரைவரோடு கிளம்புங்கள். காலடியில் ஒரு சாண் தோண்டி, தரை மட்டத்துக்குக் கீழே குத்திப் பாருங்கள். இறங்காவிட்டால் நலம். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் அந்தக் கால் போச்சு. அதைப் பிடுங்கும் முன் பக்கத்தில் ஒரு துணைக்கால் கொடுத்துவிட வேண்டும். நீளவாக்கில் வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். மரம் காய்ந்தால் வெடிக்கும். குறுக்குவாக்கில் விரிசல் என்றால் மாற்றுங்கள். கரையான் புற்று மேலேறியிருந்தால் தட்டிவிட்டு உள்ளே குத்திப் பாருங்கள். சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவாய் காலடியில் இருந்தால் தள்ளி வையுங்கள். எருவையும் சருகையும் காலில் முட்டுக் கொடுக்காதீர்கள்.

நான் ஒரு நோட்டுப் போட்டு 240 காலுக்கும் நம்பர் கொடுத்திருக்கிறேன். 'கால் பேரேடு' என்று அத்தை கிண்டல் செய்கிறாள். செய்யட்டும்.

அடுப்படியில் ஒரு பாஷாணம்

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதினேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

சில கால்கள் உயரம் அதிகம். மேல்முனையை அறுத்ததில் ஒரு சாக்கு நிறையத் துண்டுகள் விழுந்தன. அன்றைக்குச் சாயங்காலம் கொல்லைப்புறம் போகிறேன்... அம்மாச்சி வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பச்சைத் துண்டுகள். ஒன்று கையில், அடுப்பு வாயிலிருந்து ஒரு சாண் தூரம்.

"போடாதே அம்மாச்சி!" என்று நான் போட்ட சத்தத்தில் கையிலிருந்தது கீழே விழுந்தது.

"ஏன் ராசா? காஞ்ச விறகு. காசு குடுத்து வாங்குனதை வீணாக்கலாமா?"

எண்பது வயசு மனுஷி. விறகை வீணாக்காமல் வளர்ந்தவள். அவள் மேல் தப்பே இல்லை. தப்பு, சொல்லாத என் மேல். ஆர்சனிக் என்பது வேறு ஒன்றுமில்லை, நம் பாட்டிமார் பயந்து பேசின பாஷாணம்தான். மரத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் வரை அது தன் வேலையைப் பார்க்கும். எரித்தால் கொஞ்சம் புகையோடு போகும். மிச்சம் சாம்பலில் தங்கும். நம் வீட்டுச் சாம்பல் எங்கே போகும்? பாத்திரம் தேய்க்க. கீரைப் பாத்திக்கு. சாம்பலின் உப்புக் கரிப்புக்கு ஆசைப்பட்டு நக்கிய மாடுகள் செத்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

இந்தக் காரணங்களால் அமெரிக்காவில் 2004-லிருந்து வீட்டு உபயோக மரங்களுக்கு இந்த மருந்தைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள்; தாமிரத்தை மட்டும் நம்பும் மருந்துகள் வந்தன. தோட்டத்துக் கால்களுக்கு விலக்கு உண்டு. நியூசிலாந்தின் மார்ல்பரோ திராட்சைத் தோட்டங்களில் அறுவடை இயந்திரம் இடித்து ஒடித்த கால்களை எரிக்கவும் முடியாமல் போடவும் இடமில்லாமல் மலை மாதிரிக் குவித்துவைத்துத் தவித்தார்கள். வாங்குகிற அன்றைக்கே, 'ஒடிந்தால் எங்கே போடுவது?' என்று யோசித்துவிட வேண்டிய சரக்கு இது.

எங்கள் வீட்டுச் சட்டம் இப்போது இதுதான். அறுக்கும்போது கையுறை, மூக்கில் துணி. தூளைக் கீழே விரித்த சாக்கில் பிடிக்க வேண்டும். ஆட்டுத் தீவனத்துப் பக்கம் போகக் கூடாது. காலடியில் கீரை, கிழங்கு கிடையாது. தொட்டால் கை கழுவாமல் சாப்பாடு கிடையாது. ஒடிந்த காலைத் தனியாக அடுக்கி வைக்கலாம், வேலிக்கு ஊன்றலாம். அடுப்பு, சொக்கப்பனை, போகி மூன்றுக்கும் கிடையாது.

ஆனால் பதினைந்து வருஷம் கழித்து, பச்சை வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்ட காலைப் பார்த்து, இது பாஷாணக் கால் என்று யார் கண்டுபிடிப்பது? 'இது விறகல்ல, எரிக்காதே' என்று சிவகாசியில் லேபிள் அச்சடித்து ஒட்டிவிடலாம் என்றேன். உலகத்துக்கே லேபிள் அடிக்கிற ஊர் பக்கத்தில் இருக்கும்போது என்ன கவலை!

அம்மாச்சி சிரித்தாள். "மழையில காகிதம் நிக்குமா ராசா? நின்னாலும் எனக்கு எழுத்துத் தெரியுமா? ஆளு நெஞ்சு மட்டத்துக்குச் சுத்திச் செவப்புப் பெயின்டு அடிங்க. வெடி ஆபீஸ் சுவத்துல செவப்பா இருந்தா, கிட்டப் போகக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

182 காலுக்கும் அடித்தோம். பத்து சென்ட்டில் திராட்சைக் குச்சி துளிர்த்துக் கம்பியைத் தொட்டிருக்கிறது. மிச்சத்தில் பாகல். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் கிரிக்கெட் ஸ்டம்புக்கு ஒரு துண்டு கேட்டு வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணையிலிருந்து குரல் வந்தது:

"ஏலே, அது பாஷாணக் கால்டா! தொட்டியா? போ, போய்க் கையைக் கழுவிட்டு வா. அப்புறம்தான் முறுக்கு!"